கண்ணாத்தாளுக்கு மீசை முளைத்த விதம்

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. பஸ் நிஜம், படம் நிஜம், மீசை நிஜம். மீசையின் நீளத்தில் மட்டும் ஒரு முழம் கூட்டியிருப்பேன். சரி, இரண்டு முழம். முறுக்கு மாவில் கொஞ்சம் எள் தூவினால் யார் கோபித்துக்கொள்வார்கள்?

கோபித்துக்கொள்ள இரண்டு பேர் இங்கேயே இருக்கிறார்கள். பரமத்தி வேலூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில், டிரைவர் மருதாசலத்தின் மகள் பொன்னாயி இந்தப் பக்கம். கண்ணாத்தாளின் அண்ணன் மகன் பாலசுந்தரம் அந்தப் பக்கம். கதை முடியும்வரை வாய் திறப்பதில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பார்ப்போம்.

அப்போது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. பெட்ரோலை எல்லாம் வெள்ளைக்காரன் ஆகாய விமானத்துக்கு ஊற்றிவிட்டான். நம் பஸ்ஸுக்கு அடுப்புக்கரிதான். சூரமங்கலத்தில் கிளம்பி ஆட்டையாம்பட்டி வழியாகப் பரமத்தி வேலூர் போகும் கரி பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்பு உருளை தொங்கும். அதில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊத வேண்டும். புகை கூடினால் பஸ் நகரும். சுற்றுகிற ஆள் அங்கமுத்து. முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. உடம்பில் கரி ஏறாத இடம் பல் மட்டும். சிரித்தால்தான் அங்கே ஓர் ஆள் நிற்பதே தெரியும்.

அந்த பஸ் மேட்டைக் கண்டால் படுத்துக்கொள்ளும். பெரிய மேடு வேண்டாம், எறும்புப் புற்று போதும். ஆட்டையாம்பட்டியில் ஏறிய கர்ப்பிணி வேலூரில் இறங்கும்போது, பிள்ளை தானே படியிறங்கி நடந்து போயிற்று.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "எங்கெங்க நின்னுச்சு, எதுக்கு நின்னுச்சுன்னு எழுதிக்கிட்டு வாடா!" என்றார். அங்கமுத்து 'அ' எழுதினால் அதற்குக் கொம்பு முளைத்து ஆடாகிவிடும். ஆகவே ஆட்டையே படமாக எழுதிவிடுவது என்று முடிவு செய்தான். நெசவுக்காரர்களிடம் நூல் கட்டுக்குச் சுற்றி வரும் தடித்த காகிதத்தைக் கெஞ்சி வாங்கினான். தறியில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியாலேயே நீளமாக ஒட்டி, ஆர்மோனியத் துருத்தி போல முன்னும் பின்னும் மடித்தான். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு மடிப்பு. ஆறிய பஸ் கரிதான் எழுதுகோல்.

முதல் மடிப்பில் ரோட்டை மறித்துப் படுத்த எருமை. அடுத்ததில் பஸ்ஸைத் தள்ளும் பதினோரு பேரும், தள்ளுவது போல முக்கிக்கொண்டு சாய்ந்து நிற்கும் பன்னிரண்டாவது ஆளும். அதற்கடுத்து புளியமரக் கிளையில் வரிசையாகத் தலைப்பாகைகள், கீழே அவற்றின் சொந்தக்காரர்கள் குறட்டையில். முதலாளி நோட்டைப் பிடித்து இழுத்தார். அது மேசையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, எதிர் சந்தில் ஒரு கன்றுக்குட்டியின் வாய் வரை போயிற்று. தாமதத்தை மறந்து சிரித்தார். அன்றிலிருந்து தொல்லை. ரோட்டோரத்து ஜனமெல்லாம் தங்களை எழுதச் சொல்லி பஸ்ஸை மறித்தார்கள்.

மறிக்காதவள் கண்ணாத்தாள் ஒருத்திதான். ஆட்டையாம்பட்டி நிறுத்தத்தில் கைமுறுக்கு விற்பவள். அவள் முறுக்கைக் கடித்தால் சத்தம் சங்ககிரி மலையில் பட்டுத் திரும்பும். அங்கமுத்து தினமும் வாங்குவான். பேச நாக்கு எழாது. மூன்று மாதத்தில் அவன் சொன்ன மொத்தப் பேச்சு, "ரெண்டுங்க."

ஒரு நாள் அவளே கேட்டாள். "ஏனுங்க, எருமையெல்லாம் எழுதறீங்க. நான் உங்க கண்ணுக்கு எருமையாட்டங்கூடத் தெரியலீங்களா?"

"உங்களை எழுதறதுக்குக் கை நடுங்குதுங்க."

"எதுக்கு நடுங்குது?"

அங்கமுத்து பல்லை மட்டும் காட்டினான். அதுவே போதுமானதாக இருந்தது. அவள் முறுக்குக் கூடையை மூடிவிட்டுச் சொன்னாள்: "இன்னிக்கி வேலூர்ல எங்கண்ணன் ஊட்டுக்கு வாரேன். என்னைய எழுதி அவன்கிட்டக் காட்டுங்க. பேரு சொல்லக் கூடாது. 'இது கண்ணாத்தா'ன்னு அவனாச் சொன்னா, நீங்க எம்மூஞ்சிய நேராப் பாத்திருக்கீங்கன்னு அர்த்தம். வெத்தல பாக்கு மாத்திக்கலாம். சொல்லலீன்னா நாளைக்கி வேற ஆள்கிட்ட முறுக்கு வாங்கிக்கோங்க."

நோட்டில் மிச்சம் ஒரே ஒரு மடிப்பு. அதற்கு எதிர் மடிப்பில், முந்தின நாள் எழுதிய டிரைவர் மருதாசலம். மருதாசலத்துக்கு மீசை என்றால் மீசை. வளைவில் முதலில் மீசை நுனி திரும்பும், அப்புறம் பஸ் திரும்பும். அதை எழுத ஒரு கூடைக் கரி செலவாகி, அன்று பஸ்ஸே அரை மைல் குறைவாக ஓடியது.

அங்கமுத்து மூச்சுப் பிடித்து எழுதினான். அகல நெற்றி, நடுவில் அழுத்தி ஒரு பொட்டு, அழுத்தி ஒரு மூக்குத்தி, இழுத்து முடிந்த கொண்டை. எட்டிப் பார்த்த மருதாசலமே, "டேய், பேசிருவாளாட்ட இருக்குதுடா!" என்றார். அங்கமுத்து நோட்டை மடித்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று பின்படியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

அங்கேதான் கெட்டது. வேலூர் வரை ஒன்பதாயிரம் குழி. ஒவ்வொரு குழிக்கும் அங்கமுத்து எழும்பி எழும்பி விழுந்தான். அவனுக்கு அடியில் கரியும் கரியும் உரசின.

பொழுது சாய வேலூர். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த அண்ணன் தீர்த்தகிரி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் மனைவி ஆராயி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். கண்ணாத்தாள் தூணோரம் நின்றாள். மருதாசலமும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். அங்கமுத்து கடைசி மடிப்பைத் திறந்தான்.

கண்ணாத்தாளுக்கு மீசை! காதுக்குக் காது, நுனி முறுக்கின மீசை! அங்கமுத்துவின் பல்கூடக் கறுத்துவிட்டது.

தீர்த்தகிரி பார்த்தார். கையிலிருந்த வெற்றிலை விழுந்தது. "அப்பா!" என்று அலறினார். "ஆராயி, ஓடியா! எங்கப்பன்! அதே நெத்தி, அதே மூக்கு! அவுரு செத்துப் பன்னண்டு வருசமாச்சு, ஒரு படம் இல்லீன்னு அழுதனே, சாமி!" படத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

ஆராயியும் கும்பிட்டாள். அங்கமுத்து மனசுக்குள் கணக்குப் போட்டான். அப்பனாகிவிட்டால் அவள் கண்ணாத்தாள் இல்லை. நாளையிலிருந்து முறுக்கும் இல்லை.

தீர்த்தகிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பக்கத்து மடிப்பைப் பார்த்தார். அங்கே மருதாசலம். மீசை முழுக்க எதிர்ப்பக்கம் ஒட்டிப் போனதில் முகம் மழுமழுவென்று இருந்தது. போதாததற்கு நெற்றியில் பொட்டு, மூக்கில் மூக்குத்தி, தலையில் நிழல் போலக் கொண்டை.

"அட! அப்பன் பக்கத்துலயே இது நம்ம கண்ணாத்தா!" என்றார் தீர்த்தகிரி. "கொஞ்சம் ஊதியிருக்கறா. முறுக்குத் தின்னே ஊதிட்டா."

"என்றா சொன்னே?" என்று மருதாசலம் நிஜ மீசையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

அங்கமுத்து வாய் திறக்கவில்லை. மூன்று மாதப் பழக்கம் கைகொடுத்தது. எல்லோரும் கண்ணாத்தாளைப் பார்த்தார்கள். அவள் படத்தைப் பார்த்தாள், டிரைவரைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கி அடக்கி முகம் செங்கல் சூளையாகிவிட்டது. அப்புறம் வெடித்தாள். கொடிக்காலில் கொக்கெல்லாம் பறந்தன.

"அண்ணன் வாயால சொல்லியாச்சு. நான் பேச்சு மாற மாட்டேன்," என்றாள். "ஆனா ஒண்ணுங்க. ஊருக்குள்ள என் மூஞ்சிக்கும் ஒரு டிரைவர் மூஞ்சிக்கும் வித்தியாசம் தெரியலீன்னா எப்புடி? இவுரு எங்கியாச்சும் மீசைய எடுத்துட்டா நான் எங்க போவேன்? என் கல்யாணத்துல மீசை மேல கைய வெச்சு, சாகற வரைக்கும் எடுக்க மாட்டேன்னு டிரைவரண்ணன் சத்தியம் பண்ணோணும். அப்பத்தான் தாலி."

தை மாதம் கல்யாணம். மருதாசலம் சத்தியம் செய்தார். அடுத்து வந்த சித்திரையில், கரி உருளையை எட்டிப் பார்க்கப் போய், நெருப்பு குப்பென்று கிளம்பி, பாதி மீசை...

"நிறுத்துங்க!" என்று பொன்னாயி எழுந்துவிட்டாள். "எங்கப்பன் மீசை கடைசி வரைக்கும் முழுசா இருந்துச்சு!"

"முழுசா இருந்துச்சா? அப்பறம் எதுக்கு அந்த வருசம் முச்சூடும் துண்டக் கட்டிக்கிட்டு பஸ் ஓட்டுனாரு?" என்றான் பாலசுந்தரம்.

"பல்வலி! நீ பேசாதே. உங்க ஊட்டுல இன்னிக்கும் எங்கப்பன் மீசையத்தான உங்க தாத்தன்னு மாலை போட்டுக் கும்புடறீங்க?"

"அது எங்க அத்தை மூஞ்சி!"

"மீசை யாருது? குடு எங்க மீசைய!"

"கரியில முளைச்சதுக்குப் பங்கு கேக்கறியா?"

பாலசுந்தரத்தின் துண்டு பொன்னாயி கையில் இருக்கிறது. பொன்னாயியின் கூடை அவன் காலடியில் உருள்கிறது. வந்து நின்ற வேலூர் பஸ்ஸில் ஏற யாரும் இல்லை. கண்டக்டரும் இறங்கி, எந்தப் பக்கம் சேருவது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.