இரண்டு கிலோவுக்குக் கீழே

தெருவில் அவளைக் கட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை அவளுடையது. மாடிப்படிக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான் கடை. திரையில் எந்தக் கட்டத்தில் என்ன அடித்தால் சிவக்கும், என்ன அடித்தால் பச்சையாகும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீட்டு எண்ணில் சாய்கோடு ஆகாது, இடைவெளி விட வேண்டும். வேலையே இல்லாதவரிடமும் வேலை செய்யும் இடம் கேட்கும், "வீடு" என்று அடித்தால் வாயை மூடிக்கொள்ளும். "கட்டத்துக்கு ஏத்த மாதிரி மனுஷங்கள மடிச்சு உள்ள வைக்கிறதுதான் என் தொழில்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை குழாய் வேலை செய்கிறவர் ஒருவர் வந்தார். மகள் இரண்டு மாதம் முன்னதாகவே பிறந்துவிட்டாள். உடம்புச் சூடு போய்விடக் கூடாது என்று மனைவி குழந்தையை நெஞ்சோடு ஒட்டி வைத்தபடியே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாளாம். எடை குறைந்து பிறந்த குழந்தைகளை நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்க்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. பிறந்து முப்பது நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அன்று இருபத்தெட்டாவது நாள்.

எடை என்ற கட்டத்தில் கட்டக்கா 1.4 என்று அடித்தாள். சிவந்தது. "சரியான எடையை உள்ளிடவும். 2 முதல் 6 வரை." அவள் விரல் யோசிக்கவே இல்லை. பழக்கத்தில் நேராக 2-க்குப் போனது. பச்சை டிக் விழுந்தது.

"அக்கா, போன மாசம் என் மச்சினி புள்ளைக்கும் இப்படித்தான் போட்டீங்க" என்றார் அவர். "எடை கொறைவா இல்லன்னு திருப்பிட்டாங்களே."

கட்டக்காவுக்குச் சுருக்கென்றது. திட்டத்தின் விதிகளைத் திறந்து படித்தாள். இரண்டு கிலோவுக்குக் கீழே இருந்தால்தான் உதவி. இரண்டு கிலோவுக்குக் கீழே அடித்தால் கட்டம் வாங்காது. எவ்வளவு பெரிய அநியாயம் பாருங்கள். பழைய விண்ணப்பங்களைத் தேடினாள். பதினோரு குழந்தைகள். பதினோரு பேருக்கும் அவள் கையாலேயே இரண்டு கிலோ. உதவி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, கதவை அவளே இழுத்துச் சாத்தியிருக்கிறாள்.

பதினோரு பேரின் மருத்துவமனைச் சீட்டு நகல்களையும் அச்சடித்துப் பையில் போட்டாள். ஷட்டரை இறக்கினாள். "வாங்கண்ணே" என்றாள்.

திட்ட அலுவலகத்தில் அதிகாரி பொறுமையாகத்தான் பேசினார். அந்தப் பொறுமைதான் எரிச்சலைக் கிளப்பியது.

"எல்லாரும் ரெண்டுன்னுதாம்மா போடுறாங்க. நீங்களும் போட்டுட்டுப் போங்களேன்."

"போட்டா தள்ளிடுறீங்களே சார்."

"அது ரூல். ரெண்டுக்குக் கீழ இருக்கணும்."

"கீழ போட்டா?"

"வாங்காது."

"அப்ப யாருக்கு சார் இந்தத் திட்டம்? பொறக்காத புள்ளைங்களுக்கா?"

"சிஸ்டம்ல அப்படி இருக்கும்மா."

"சிஸ்டம் என்ன மழைக்குத் தானா மொளச்சுதா?" அவள் கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள். "நீங்களே போடுங்க சார். உங்க கையால."

அவர் 1.4 அடித்தார். சிவப்பு. 1.40 அடித்தார். சிவப்பு. கிராமாக இருக்குமோ என்று 1400 அடித்தார். அதுவும் சிவப்பு. பிறகு அவர் விரல் தன்னால் 2-க்கு நகர்ந்தது.

"நிறுத்துங்க சார்" என்றாள் கட்டக்கா. "என் விரலும் அங்கதான் போச்சு. பதினோரு தடவ."

அதிகாரி கையை எடுத்துக்கொண்டார். பிறகு அந்த விண்ணப்பத்தை வடிவமைத்த இன்ஜினியரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"அது தப்பா அடிக்கிறத தடுக்கறதுக்கு வெச்சது சார்" என்றது குரல். "பொதுவான பிறப்புப் பதிவு ஃபார்ம்ல இருந்த கட்டத்த அப்படியே எடுத்து இதுல போட்டுட்டோம்."

"மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நிமிஷம். ஆனா எழுத்துல கேட்டு வரணும்."

ஆபீசுக்குள் வந்ததிலிருந்து வாயே திறக்காத குழாய்க்காரர் போன் பக்கம் குனிந்தார். "தம்பி, என் பொண்ணுக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. நாளான்னிக்கு கதவ சாத்திடுவீங்க."

"மெயில் இப்பவே போடறேன், மாத்துப்பா" என்றார் அதிகாரி.

எதிர் மேஜைக்காரர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் மாறிவிட்டது. 1.4 பச்சையானது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. குழாய்க்காரர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கட்டக்காவுக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு நிமிட வேலை. இத்தனை மாதமாக அதைச் செய்ய ஒருத்தருக்கும் கை வரவில்லை. அவளுக்கும்தான் கேட்க வாய் வரவில்லை.

"மத்த பதினோரு பேர் சார்?"

"புதுசா போடச் சொல்லுங்க."

"முப்பது நாள் தாண்டிடுச்சே."

"தாண்டினா தேதிக் கட்டம் வாங்காதும்மா."

அவள் நாற்காலியை மேஜைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அப்ப வெள்ளத் தாள் குடுங்க. அவங்க நாளுக்குள்ளதான் போட்டாங்க, அந்தப் பழைய விண்ணப்பத்தையே திருத்தச் சொல்லி எழுதுவோம். ரெண்டுன்னு போட்டது நான்தான்னு என் கைப்பட எழுதித் தரேன். என்னை அப்படிப் போட வெச்சது உங்க கட்டம்னு கீழ நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"ஆபீஸ் மூடற நேரமாகுதே."

"பதினோரு கையெழுத்துதான் சார். உங்களுக்கு அது பெரிய வேலையா?"

அதிகாரி அவளைப் பார்த்தார், குழாய்க்காரரைப் பார்த்தார், பேனா மூடியைக் கழற்றினார். கட்டக்கா பையிலிருந்து முதல் சீட்டை எடுத்து, எண்ணில் எழுதினால் யாராவது மாற்றிவிடுவார்கள் என்று எழுத்திலேயே எழுதினாள்: பிறந்தபோது எடை, ஒரு கிலோ அறுநூறு கிராம்.