ஐந்து பேணிக் கோப்பி

"1992 ஆவணி. உரும்பிராய். மூன்று பேணி, பயனில்லை." என் பழைய நாட்குறிப்பில் இப்படி ஒரு வரி இருக்கிறது. அப்போது நான் வணிகம் படித்துக்கொண்டிருந்தேன். புள்ளிவிபரவியல் பாடத்துக்காக நானும் வகுப்புத் தோழன் ஒருவனும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்ய வேண்டியிருந்தது.

உரும்பிராயில் ஓர் அக்கா கோப்பித்தூள் இடித்து, அங்கும் பக்கத்துக் கோப்பாயிலும் வீடுவீடாகக் கொடுத்துவந்தார். குடும்பம் அதில்தான் ஓடியது. போரில் பாதை பூட்டியதால் தெற்கிலிருந்து கோப்பிக்கொட்டை வருவது அருகிவிட்டது. வறுத்த உழுந்தைப் பாதிக்குப் பாதி கலந்து பார்த்தார். வாங்குகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. தெரியாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் தொடருவது, தெரிந்தால் தொழிலை விட்டுவிடுவது என்றிருந்தார்.

எங்கள் சோதனை எளிமையானது. மூன்று பேணிகளில், அதாவது தகரக் குவளைகளில், கோப்பி. இரண்டில் ஒரே தூள், ஒன்றில் மற்றது. எது வேறு என்று குடிப்பவர் சொல்ல வேண்டும். வெறும் ஊகத்திலேயே மூன்றில் ஒரு பங்கினர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அதைவிடத் தெளிவாகக் கூடினால்தான் சுவை பிடிபடுகிறது என்று கொள்ளலாம்.

கலந்ததற்கு ஒன்று, கலக்காததற்கு ஒன்று என இரண்டு சுடுதண்ணிப் போத்தல்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனோம். முதல் வீட்டு அம்மா மூன்று பேணிகளையும் பார்த்தார். ஒன்றை எனக்கு நீட்டினார், ஒன்றைத் தோழனுக்கு. மூன்றாவதைத் தான் எடுத்துக்கொண்டார். மூன்றும் அவருக்குத்தான் என்று விளக்கினோம்.

"வந்த ஆக்களை வைச்சுக்கொண்டு நான் தனியக் குடிக்கிறதே? ஆறப்போகுது, எடுங்கோ."

அடுத்தடுத்த வீடுகளிலும் இதே கதைதான். மத்தியானத்துக்குள் வயிறு நிறையக் கோப்பி குடித்திருந்தோம். ஆய்வுக்கு ஒன்றும் சேரவில்லை. எல்லாரும் நல்லாயிருக்கு என்றுதானே சொன்னார்கள், வித்தியாசம் இல்லையென்று நாங்களே நிரப்பிவிடலாம் என்றான் தோழன். நான் உடன்படவில்லை. மறுநாள் ஐந்து பேணிகள் கொண்டுபோனோம். மூன்று வீட்டுக்காரருக்கு, இரண்டு எங்களுக்கு. அதன்பிறகு ஒரு வீட்டிலும் அந்தச் சிக்கல் வரவில்லை.

கோப்பாயில் ஒரு வீட்டில் பிள்ளைத்தாச்சிப் பெண் ஒருவர், எங்களை விடச் சில வயது மூத்தவராக இருக்கலாம், வேறான பேணியைச் சரியாகத் தொட்டுக் காட்டினார். பிறகு கேட்டார்.

"உதுக்குள்ளை என்ன கலந்திருக்கு?"

"அதைச் சொல்லக்கூடாது அக்கா."

"அப்ப ஏன் எனக்குக் குடிக்கத் தந்தனீங்கள்?"

கோபமில்லாமல்தான் கேட்டார். ஆனால் பேணியை எங்கள் பக்கம் தள்ளி வைத்துவிட்டார். உழுந்துதான் என்று அங்கேயே சொன்னேன். தோழன் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னாலேயே முற்றத்தைத் தாண்டிவிட்டான்.

கணக்குப் பார்த்தபோது, சரியாகச் சொன்னவர்கள் ஊகத்தில் வரக்கூடிய அளவுதான். "ஒருத்தருக்கும் தெரியேல்லை அக்கா" என்று தோழன் சந்தோஷமாகச் சொல்ல, கோப்பித்தூள் அக்காவின் முகம் மலர்ந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னேன்: வித்தியாசம் இல்லை என்று நாங்கள் நிறுவவில்லை, இந்தச் சில வீடுகளில் கண்டுபிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். கோப்பாய்ப் பெண் கேட்டதையும் சொன்னேன்.

"உவர் படிச்சதைக் காட்டுறார்" என்றான் தோழன்.

அக்கா உலக்கையைச் சுவரில் சாத்தினார். "என்ரை கோப்பி முழுக்கக் குடிச்சுப்போட்டு, தெரியாதெண்டு சொல்ல வந்திருக்கிறியள்" என்று சிரித்தார். அடுத்த கிழமையிலிருந்து உழுந்து கலந்தது என்று சொல்லியே கொடுத்தார். சிலர் நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் வாங்கினார்கள். உலக்கை ஓயவில்லை.

எங்கள் அறிக்கையில், வித்தியாசம் இல்லை என்ற சூனியக் கருதுகோளை நிராகரிக்க முடியவில்லை என்று மட்டும் எழுதினோம். ஊரே வெளியேறிய 1995 இடப்பெயர்வில் அவரவர் ஒவ்வொரு பக்கமானோம். கோப்பாய்ப் பெண்ணை நான் பிறகு காணவில்லை. அவருக்கு உண்மையிலேயே சுவை தெரிந்ததா, மூன்றில் ஒன்றாக வாய்த்ததா என்பதை இன்றுவரை சரிபார்க்க முடியவில்லை; ஆனால் யாரிடம் எதைக் கேட்கப் போனாலும், அவர் என்னைத் திருப்பிக் கேட்கக்கூடியதற்குப் பதில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன்.