கடல் பக்கத்து இருக்கை

எண்பதுகளில், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் காலை பஸ்ஸில் எங்கள் பள்ளிவாசலை நிர்வகித்த மரைக்காரைக் காண்பேன். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி, மடியில் குடை. வயல்களை மூடி வீடு கட்டக் கூடாது, இருக்கிற வளவுக்குள்ளேயே மாடி எழுப்ப வேண்டும் என்று பள்ளிவாசலில் கூடிய ஊராரைச் சம்மதிக்க வைத்தவர் அவர்தான். பஸ்ஸில் எல்லோரும் நிழலான வயல் பக்கம் இடம் பிடிக்க, அவர் மட்டும் வெயில் விழுகிற கடல் பக்கத்தில் உட்காருவார்.

ஒரு நாள், "காக்கா, இஞ்சால நிழலுக்கு வாங்களேன்," என்றேன்.

"வேணாம் தம்பி. அங்கால வயலுக்குள்ள புது ஊடொண்டு நிக்கிது, கண்டீங்களா?"

"ஓம்."

"என்ட கடைசி மகளுக்குச் சீதனமாக் குடுத்த ஊடு. மாடியில குடியிருக்க ஏலாதாம், தனி ஊடுதான் வேணுமாம். மாப்புள ஊட்டார் ஒரே புடியா நிண்டாங்க. கிரவல் கொட்டி வயல மூடினது நான்தான்."

குடைப்பிடியைத் தடவிக்கொண்டு கடலையே பார்த்தார்.

முந்தின வாரம்தான் என் தம்பிக்குப் பெண் பேசப் போன வீட்டில், மாடி சரிவராது, தனி வீடு வேண்டும் என்று நான் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் நேரே முகத்தில் அடித்தது.