காந்தாவின் எட்டு நாள்

ஊசியைப் பிரிப்பதற்கு முன் காந்தா ஒரு தடவை ஃபிரிட்ஜைப் பார்த்துவிடுவார். நம்மைச் சோபாவில் உட்காரவைத்து, முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டி, "கைய மூடிக்கங்க சார்" என்பார். நரம்பு எழும்பி வருகிற அந்த அரை நிமிடத்தில் அவர் கண் சமையலறைப் பக்கம் போய்விடும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் மேக்னெட்டுகளை வரிசையாகப் படிப்பார். "பாரிஸ். துபாய். இது எந்த ஊரு சார், புதுசா இருக்கே?" நாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் குழாயில் ரத்தம் ஏறியிருக்கும். ஊசி உள்ளே போனதே தெரியாது.

வயது நாற்பத்தாறு. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது வேலை. பதினான்கு வருடமாக இதே வேலை, பெங்களூரின் இதே வைட்ஃபீல்ட். மர்ஃபி டவுனில் இருக்கும் தன் ஒற்றை அறையிலிருந்து விடியுமுன் ஸ்கூட்டரை எடுப்பார். கால்களுக்கு நடுவே ஐஸ் பெட்டி. வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள் காபிக்குத் தவித்துக்கொண்டிருப்பார்கள் என்பதால் ஓட்டம்தான். பத்து மணிக்குள் முப்பது கை. ஆட்களை முகத்தை வைத்து அவர் நினைவில் வைப்பதில்லை. "ஒம்பதாவது மாடி மேடத்துக்கு உருள்ற நரம்பு சார், விரலால அமுக்கிப் புடிச்சாத்தான் நிக்கும். உங்களுக்கு நரம்பு நல்லாத்தான் கீது, மனசுதான் உருளுது." கன்னட வீட்டில் கன்னடம், முஸ்லிம் வீட்டில் பெங்களூர் உருது, எங்கள் வீட்டில் கன்டோன்மென்ட் தமிழ். மூன்றிலும் ஒரே வேகம்.

அந்த வேகத்துக்கு ஒரே தடை, அடுக்கக வாசல். காவலாளி மேலே கூப்பிட்டு அனுமதி கேட்பார். மேலே எடுக்க மாட்டார்கள். மாதம் இரண்டு முறை வருகிற ஆளாக இருந்தாலும் அனுமதி வரும்வரை வெளியே நிற்க வேண்டும். அந்த ஐந்து நிமிடம், பத்து நிமிடங்களில்தான் காந்தா தன் வெளிநாட்டுப் பயணத்தைத் திட்டமிட்டார். ஸ்கூட்டர் இருக்கையைத் திறந்து பழுப்பு அட்டை போட்ட ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுப்பார். காதில் பேனா.

எந்த நாடு என்பதை இங்கே எழுதக்கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. "எதுக்கு சார் வம்பு? நாளைக்கு மறுபடி அப்ளை பண்ணாலும் பண்ணுவேன்." மற்றபடி எழுதுவதில் அவருக்குப் பயமில்லை. "தமிழ்ப் பத்திரிகைய இந்த அபார்ட்மெண்ட்ல யாரு சார் படிக்கப் போறாங்க?" உண்மைதான். என் மனைவி வீணாவே தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. ஆகவே இவ்வளவு சொல்லலாம்: உலகப் படத்தின் மேல் விளிம்பில், குளிருக்குப் பேர் போன நாடு. அதில் ஒரு தீவு. தீவில் ஒரு சின்ன ஊர்.

ஒரு வீட்டு ஃபிரிட்ஜில்தான் அந்த ஊரை அவர் பார்த்தார். "எல்லா வீட்லயும் கோபுரம், பாலம், கோட்டை. அது ஒண்ணுல மட்டும் ஒரு பெஞ்சு சார். எதிர்ல கடலு. பெஞ்சுல யாரும் இல்ல." அந்த வீட்டு அம்மாளிடம் ஊர் பேரை எழுதி வாங்கிக்கொண்டார். ஏன் அங்கே என்று நான் கேட்டபோது, பஞ்சை என் கையில் வைத்து அழுத்தியபடி யோசித்தார். "தெனமும் முப்பது பேரு கைய புடிக்கிறேன். எட்டு நாளு யாரு கையும் புடிக்காம, என்னை யாருன்னு தெரியாத எடத்துல இருக்கணும். அஷ்டே சார், அவ்ளோதான்."

சுற்றுலாக் குழுவோடு போனால் விசா சுலபம் என்று ஒரு ஏஜென்ட் சொன்னார். காந்தா ஒப்புக்கொள்ளவில்லை. "அவங்க போற எடமெல்லாம் இட்லி தேடுவாங்க. வயசானவங்க நாலு பேரு இருந்தா, ரத்தம் எடுக்கிறவன்னு தெரிஞ்சதும் பிரஷர் பாரு, சுகர் பாருன்னு ஆரம்பிச்சிடுவாங்க."

தனியாகப் போவதற்கு அவர் செய்த ஆயத்தங்கள் விசித்திரமானவை. தோளில் மூட்டையோடு மூன்று ஞாயிற்றுக்கிழமை மர்ஃபி டவுனிலிருந்து அல்சூர் ஏரி வரை நடந்து பார்த்தார், சுமக்க முடிகிறதா என்று. இரண்டு நாள் ரொட்டியும் அவித்த முட்டையும் மட்டும் தின்று பார்த்தார், வயிறு ஒத்துக்கொள்கிறதா என்று. கைப்பேசி வரைபடத்தில் அந்த ஊரின் தெருக்களில் போய்க்கொண்டே இருந்தார். படகு எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது, பேக்கரிக்கு எந்த நாள் விடுமுறை, எல்லாம் நோட்டில் ஏறின. ஒரு நாள் என் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, "அந்த ஊர்ல திங்கக்கெழம ரொட்டி கெடைக்காது சார், ஞாயித்துக்கெழமயே வாங்கி வெச்சிடணும்" என்றார், ஏதோ என்னையும் சேர்த்து எச்சரிப்பதுபோல.

வேலைக்கான கடிதம், விடுப்புக் கடிதம், வங்கிப் புத்தகம், வரி கட்டிய காகிதம் எல்லாம் வைத்து விண்ணப்பித்தார். மூன்றாவது வாரம் பதில் வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஊசிக்கு முன்னால் அந்தக் காகிதத்தை நீட்டினார். வரிசையாகக் காரணங்கள் அச்சடித்து, ஒன்றின் எதிரே மட்டும் குறி போட்டிருந்தது.

"படிச்சேன் சார். புரிஞ்சுது. சரியாத்தான் புரிஞ்சுதான்னு நீங்க சொல்லுங்க."

"பயணம் முடிஞ்சதும் நீங்க சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போவீங்கன்னு அவங்களுக்கு நம்பிக்கை வரலைன்னு போட்டிருக்கு."

"நான் அங்க இருந்துக்கினு இன்னா சார் பண்ணப்போறேன்? அந்தக் குளிர்ல?"

"அது பொதுவா எல்லாருக்கும் போடறதுதான், காந்தா. கல்யாணம், புள்ளைங்க, சொந்த வீடு, இந்த மாதிரி ஏதாவது காட்டினா..."

அவர் காகிதத்தை மடித்தார். அம்மா போன பிறகு அவர் தனி. கல்யாணம் ஆகவில்லை. வாடகை அறை. "திரும்பி வர்றதுக்கு உனக்கு யாரு இருக்காங்கன்னு கேக்கறாங்க. கரெக்டா?" என்றார். நான் தலையை ஆட்டியிருக்கக் கூடாது. அன்றைக்கு மட்டும் ஊசி வலித்தது.

இருந்தது ஒரே தம்பி. இளங்கோவன், ஆனேக்கல்லில். அம்மாவின் பழைய வீட்டை விற்றுத்தான் அங்கே அவன் வீடு கட்டினான். அவனிடமிருந்து ஒரு கடிதம் வாங்கலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். 'காந்தா என் மூத்த சகோதரி. எங்கள் குடும்பத்தில் ஒருவர். பயணம் முடிந்து எங்களிடம் திரும்பி வருவார்.' மூன்றே வரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் காரில் போனோம். காந்தா பெட்டியையும் எடுத்துக்கொண்டார். தம்பிக்கும் சர்க்கரை உண்டு.

முதலில் ரத்தம் எடுத்தார். இளங்கோவன் பழக்கத்தில் கையை நீட்டினான். "போன தடவ ரிப்போர்ட் இன்னும் வரலியேக்கா" என்றான். அவர் சமையலறைக்குள் கை கழுவப் போன பிறகுதான் கடிதத்தைப் பிரித்தான். இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்தினான்.

"'எங்களிடம்'னு போட்டிருக்கே சார். எங்க வீட்டுக்குன்னு அர்த்தமா?"

"சும்மா ஒரு வார்த்தைக்குத்தான்."

"இல்ல சார், எழுத்துல குடுக்கறது. நாளைக்கு இதக் காட்டி வீட்ல பங்கு இருக்குன்னு யாராவது சொன்னா? அக்கா சொல்ல மாட்டா. யாராவது தூண்டிவிட்டா?" பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னான். "அக்கா, வக்கீலக் கேட்டுட்டு ஃபோன் பண்றேன். ஆமா, உனக்கு எதுக்கு இந்த வயசுல ஃபாரின்? ரெண்டு நாளு திருப்பதி போய்ட்டு வாயேன்."

காந்தா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "நம்ம வீட்ல யாருடா திருப்பதி போயிருக்காங்க? அம்மா வெச்ச புத்தரு சிலய மொதல்ல தூசி தட்டு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ரத்தக் குழாயில் தம்பியின் பெயரை எழுதி ஒட்டிப் பெட்டியில் வைத்தார். திரும்பும் வழியில் ஒரே ஒரு தடவை, ஓசூர் பஸ் ஒன்று எங்களை முந்தியபோது, "அவன் ஃபோன் பண்ண மாட்டான் சார்" என்றார். பண்ணவில்லை.

கடைசியில் என்னிடமே கேட்டார். "நீங்க எழுதிக் குடுங்களேன் சார், நான் திரும்பி வருவேன்னு." ஒரு வாடிக்கையாளர் கொடுக்கும் சான்று எதற்கும் உதவாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் எழுதினேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என் ரத்தத்தை எடுக்க இவர் வந்தாக வேண்டும், வேறு யார் எடுத்தாலும் எனக்கு வலிக்கும் என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதையும் இணைத்து மறுபடி விண்ணப்பித்தார்.

அதே அச்சடித்த காகிதம், அதே இடத்தில் குறி.

இதற்குள் பரிசோதனை நிலையத்தின் மேலாளர் ரவிக்குமார் எட்டு நாள் விடுப்புக்குக் கையெழுத்துப் போட்டு, மாற்று ஆளையும் ஏற்பாடு செய்துவிட்டார். பதினான்கு வருடத்தில் காந்தா கேட்ட முதல் நீண்ட விடுப்பு அது. அவர் போகும் வீடுகளிலெல்லாம் விஷயம் தெரியும். வாசல் காவலாளிகளுக்கும் தெரியும். ஒரு வீட்டில் தங்கள் பழைய குளிர் கோட்டைத் துவைத்துக் கொடுத்திருந்தார்கள். விசா கிடைக்கவில்லை என்று அவர் என்னிடம் மட்டும்தான் சொன்னார். "விடுப்ப ரத்து பண்ணிட்டு வேலைக்கு வந்துடுங்களேன்" என்றேன். "முப்பது வீட்லயும் ஏன் போகலன்னு கேப்பாங்க சார். முப்பது தடவ நான் அதச் சொல்லணும்." வீணாவிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்றார்.

விடுப்பு தொடங்கியது. அவருடைய ஃபோன் அணைந்துவிட்டது. ஐந்தாம் நாள் எனக்கு மனசு கேட்கவில்லை. மர்ஃபி டவுனுக்குப் போனேன். மாடி அறையின் கதவில் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கியது. கீழ் வீட்டு லட்சுமம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். யாரென்று சொன்னேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"உள்ளதான் கீறா. வெளிய பூட்டிக்கச் சொல்லி அவளேதான் சாவியக் குடுத்தா. தெருவுல எல்லாரும் ஃபாரின் போய்ட்டான்னு நெனச்சிக்கினு கீறாங்க. ரெண்டு வேள சோறு நான் கொண்டுபோறேன். நீங்களாவது எதனா சொல்லுங்க சார்."

பூட்டைத் திறந்து என்னை உள்ளே விட்டார். ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருந்தது. நடுப்பகலிலும் அரை இருட்டு. தெருவுக்குச் சத்தம் கேட்டுவிடும் என்று மின்விசிறியைக்கூடப் போடவில்லை. காந்தா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார். கால் மரத்துப்போயிருந்தது. நான் கையை நீட்டினேன். பிடித்துக்கொள்ளவில்லை.

"என்ன பண்றீங்க காந்தா இது?"

"ஒண்ணும் பண்ணல சார். இப்ப அங்க மணி எட்டே கால். படகு கெளம்பிருக்கும்." "ஒருத்தருக்கும் தெரியாத எடத்துல எட்டு நாளு இருக்கணும்னு கேட்டேன்ல. இருக்கேன்."

வெளியே வாங்க, எங்கள் வீட்டுக்கு வாங்க, காரில் எங்கேயாவது போய் வரலாம் என்று என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றுக்கும் அவர் மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், நோயாளி பயத்தில் உளறுவதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி. "இன்னும் மூணு நாளுதான் சார். ஆய்த்து. வர்றப்ப வர்றேன்." நான் இறங்கியதும் லட்சுமம்மா மறுபடி பூட்டினார். அந்தச் சத்தம் மர்ஃபி டவுனைத் தாண்டும்வரை என் கூடவே வந்தது.

விடுப்பு முடிந்த மறு வாரம் வீணாவுக்குத் தைராய்டு பரிசோதனை. காலை ஆறே காலுக்குக் காந்தா வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். வீணா அவரைப் பார்த்ததும் கதவருகிலேயே பிடித்துக்கொண்டாள்.

"காந்தா! வந்துட்டீங்களா! எப்படி இருந்துச்சு ஊரு?"

காந்தா என்னை ஒரு கணம் பார்த்தார். நான் செய்தித்தாளைப் பார்த்தேன்.

"சூப்பரா இருந்துச்சு மேடம். பயங்கரக் குளிரு. ஆனா ஜனங்க நல்லவங்க."

"போட்டோ காமிங்க, போட்டோ காமிங்க."

"ஃபோனு தண்ணில விழுந்துடுச்சு மேடம். படகுல ஏறுறப்ப. எல்லாம் போச்சு. கைய மூடிக்கங்க."

குழாய் நிறைந்தது. ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து, "மடக்கிப் புடிங்க மேடம்" என்றார். பிறகு தோள்பையைத் திறந்து ஒரு சாக்லேட் பெட்டியை எடுத்தார். மேலே பனி மலை படம், நமக்குப் புரியாத எழுத்து. "உங்களுக்குத்தான் மேடம். அங்கேர்ந்து" என்றார். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அதன் அடிப்பக்கம் தெரிந்தது. வெளிநாட்டுச் சரக்கின்மேல் இங்கே கடையில் விற்பதற்காக விலையும் பெங்களூர் முகவரியும் அச்சடித்து ஒட்டும் வெள்ளைத் துண்டு ஒரு மூலையில் இருந்தது. நகத்தால் சுரண்டியிருந்தார். பாதி வந்திருந்தது, பாதி வரவில்லை. வீணா மடக்காமல் இருந்த மறு கையை ஆசையோடு நீட்டினாள். காந்தா குனிந்து, பனி மலை மேலே தெரியும்படி பெட்டியை அவள் உள்ளங்கையில் வைத்தார். அது அங்கே முழுதாகப் படியும்வரை அந்த மூலையிலிருந்து தன் கட்டைவிரலை எடுக்கவில்லை.