கேழ்வரகில் விழுந்த தடம்

புது டயர் இரண்டே மாதத்தில் உள்பக்கம் மொட்டையானால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? என் அம்பாசடர் டாக்சியின் முன்டயர்கள் இரண்டும் அப்படித்தான் ஆயின. "ஸ்டியரிங் இழுக்குது முதலாளி, இன்னான்னு பாக்கணும்" என்றான் டிரைவர் ஏகாம்பரம். "வண்டி நல்லாத்தான் கீது, உன் கைதான் சரியில்ல" என்று கத்தி, அன்றே அவனை வேலையை விட்டு அனுப்பினேன்.

மறுவாரம் நானே ஓட்டிக்கொண்டு உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் புறப்பட்டேன். வண்டிகள் மிதித்து மணி உதிரட்டும் என்று, வழக்கம்போல் கேழ்வரகுக் கதிரைச் சாலையில் பரப்பியிருந்தார்கள். இது என்ன ரோடா, களமா என்ற எரிச்சலோடு அதன்மேல் ஏற்றினேன். கதிர் தள்ளிக்கொண்டிருந்த கூலிக்காரப் பெண் துடைப்பத்தோடு மறித்தாள்.

"இன்னா சார் வண்டி இது? பஸ்சு ஏறுனா நேரா மெதிச்சிக்கினு போவுது. உன் வண்டி தானியத்த தேய்ச்சி ஓரமா தள்ளிக்கினு போவுதே!"

சண்டைக்கு இறங்கியவன், குனிந்து தடத்தைப் பார்த்தேன். அவள் சொன்னது அப்படியே உண்மை.

வாலாஜாபாத் மெக்கானிக் சக்கரங்களின் ஓரமாக நூல் பிடித்துக் காட்டினார். முன்சக்கரங்கள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன. இரண்டையும் இணைக்கும் கம்பி வளைந்திருந்தது. டயர் மாற்றிய புதிதில், ஏகாம்பரம் இல்லாத ஒருநாள், மதகுக் கல்லில் இடித்தவன் நான். யாரிடமும் சொல்லவில்லை.

ஏகாம்பரத்தைத் தேடிப்போய், மெக்கானிக் நூல் பிடித்துக் காட்டியதைச் சொல்லி, மறுபடி வேலைக்குக் கூப்பிட்டேன். அவன் வரவில்லை.

"நூலு சொன்னா நம்புறீங்க. நான் சொன்னப்ப ஏன் முதலாளி நம்பல?"