நெட்டையன் போன பிறகு

வியாழக்கிழமை மாலைகளில் எங்கள் பந்தாட்டக் கழகத்தின் அறிவிப்புப் பலகையில் சனிக்கிழமை ஆட்டத்திற்கான பெயர்ப்பட்டியலைக் குத்துவார்கள். எழுபதுகளின் நடுவில் ஒரு வியாழன், அந்தப் பட்டியலின் முன்னால் அத்தான் சிலைபோல் நின்றார். எப்போதும் முதலில் இருக்கும் நெட்டையனின் பெயரைக் காணவில்லை. நிர்வாகம் அவனைப் பக்கத்து ஊர்க் குழுவுக்குக் கொடுத்துவிட்டு, மாற்றாக இரண்டு இளைஞர்களை வாங்கியிருந்தது.

அத்தான் என் அக்காவின் கணவர். மெல்பேர்னின் மேற்குப் புறத்தில் டயர் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமைகளில் இந்த நாட்டு முட்டைவடிவப் பந்தாட்டம். யாழ்ப்பாணத்தில் உருண்டைப் பந்தை உதைத்துப் பழகிய கால் அது. எவ்வளவு தூரத்தில் நின்றாலும் நெட்டையனின் நெஞ்சுக்கு நேரே பந்தை இறக்குவார். அவன் எழும்பிப் பிடிப்பான், கம்பங்களுக்கு நடுவே அடிப்பான், ஆறு புள்ளி. எங்கள் குழுவின் தாக்குதல் என்பதே அவ்வளவுதான். அதனால் பயிற்சியாளர் அத்தானிடம் முகத்துக்கு நேரே சொன்னார்: அவனுக்குப் பந்து கொடுக்கத்தான் உன்னை வைத்திருந்தேன், இனி உன்னை என்ன செய்வது? மூன்று ஆட்டம் பார்க்கிறேன், சரிவராவிட்டால் வெளியே. புள்ளிப் பலகை எழுதுபவளாக அருகில் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் இரண்டு ஆட்டங்களும் மானக்கேடு. பந்து கையில் வந்ததும் எல்லோரும் நெட்டையன் வழக்கமாக நிற்கும் இடத்துக்கே நீளமாக அடித்தார்கள். அங்கே யாரும் இல்லை. எதிரணிக்காரர்கள் அதைக் கண்டுபிடித்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்போல் அங்கேயே நின்று பிடித்துக்கொண்டார்கள். அத்தானும் அதையேதான் செய்தார். மறுநாள் குசினியில் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“அத்தான், அவன் போயிட்டான். நீங்கள் இன்னும் அவன் நிண்ட இடத்துக்குத்தான் அடிக்கிறியள்.”

அக்கா என்னை முறைத்தாள். அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

“ஓம், உண்மைதான். ஆனா அவன்தான் போனவன். பந்து போகேல்லையே.”

மூன்றாவது ஆட்டத்துக்கு முன் அவர் எல்லோரையும் கூட்டி, ஒருவரும் தூரமாக அடிக்க வேண்டாம், பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுத்துவிட்டு ஓடு என்றார். எல்லைக்கோட்டில் நின்ற பயிற்சியாளர், நீளமாக அடி என்று கத்திக் கத்தித் தொண்டையைக் கிழித்துக்கொண்டார். அத்தான் திரும்பியே பார்க்கவில்லை. அதுவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்காத அந்த இரண்டு இளைஞர்களும் காற்றாய் ஓடினார்கள். எதிரணிக்காரர்கள் பழைய இடத்தில் காத்து நிற்க, பந்து அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. அன்று கோல் அடித்தவர்கள் ஏழு பேர். சிலரின் பெயரை எப்படி எழுதுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வென்றோம். பயிற்சியாளர் பாராட்டவில்லை, ஆனால் அடுத்த வியாழன் பட்டியலில் அத்தானின் பெயர் இருந்தது.

நெட்டையன் சும்மா ஆள் என்று நான் சொல்லவில்லை. அவன் இருந்திருந்தால் சில ஆட்டங்களை இலகுவாக வென்றிருப்போம். பிறகும் தோற்றிருக்கிறோம், ஆனால் எல்லோரும் ஆடித் தோற்றோம். இன்றைக்கும் ஏதாவது ஒரு குழு தன் நட்சத்திரத்தைக் கைமாற்றினால் என் மகன் தொலைக்காட்சிக்கு முன் தலையில் கைவைத்துக்கொண்டு, இனி அவ்வளவுதான் என்கிறான். எனக்குக் கோபம் வருகிறது. மற்றவர்கள் எல்லோரும் புல் பிடுங்கவா நிற்கிறார்கள்?

அந்தப் பருவம் முடிந்ததும் பயிற்சியாளர் எங்கள் வீட்டுக்கே வந்தார். புதுக் குழுவில் நெஞ்சுக்கு நேரே பந்து இறக்க ஆளில்லாமல் நெட்டையன் தவிக்கிறானாம். திரும்பி வர விரும்புகிறானாம். அத்தான் பழையபடி அவனுக்கு அடித்துக் கொடுப்பாரா என்று கேட்டுவிட்டுக் கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார். அத்தானுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஆனாலும் தன் வீட்டில், என்னைப் பார்த்துத் தமிழில்தான் சொன்னார்:

“வரட்டும், அடிச்சுக் குடுப்பன். ஆனா அவனும் எங்களுக்குப் பந்து குடுக்கவேணும். ஏலாதெண்டா அங்கையே நிக்கச் சொல்லு.”

ஒரு சொல்லும் குறைக்காமல் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.