இன்னாசி வீடு திரும்பும் பக்கம்

வேட்டைக்குத் தடை வருமுன், ஏரியூர்ப் பக்கத்துக் காடுகளில் சூசைநாதன் பேர்போன வேட்டைக்காரர். ஒருநாள் குண்டடிபட்ட யானை திரும்பி வந்து, கூடப்போன நண்பர் இன்னாசியை மிதித்துக் கொன்றது. அதோடு துப்பாக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சாகசக் கதைகள் எழுத உட்கார்ந்தார்.

எல்லாக் கதையிலும் இன்னாசி வருவார். எந்த மிருகமும் அவரை ஒன்றும் செய்யாது. கடைசிப் பக்கத்தில் இருட்டியபிறகு வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். “ஒரு தடவையாவது அவரைச் சாகடியுங்களேன்” என்ற பதிப்பாளரோடு சூசைநாதன் பேச்சையே நிறுத்திவிட்டார்.

புதுப் புத்தகத்தின் முதல் பிரதி எப்போதும் இன்னாசியின் மனைவி ராஜமேரிக்குத்தான். இந்த முறையும் அவர் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடினார்.

“அடுத்த கதையில அவர கொஞ்சம் நேரத்தோட வூட்டுக்கு அனுப்புங்கண்ணா. சோறு ஆறிப்போவுது.”